விகோவா, ஹவானாவா? ஸ்பானிய வட்டாரக் குற்றப்புனைவில் எங்கிருந்து தொடங்கலாம்

ஸ்பானிய மொழித் துப்பறியும் நாவல்களுக்குள் நுழைய நினைக்கும் வாசகருக்குப் புத்தகத் தட்டுப்பாடு கிடையாது. தட்டுத்தடுமாற வைப்பது தேர்வுதான். ஊருக்கு ஒரு துப்பறிவாளர், அவருக்கு ஒரு தொடர் என்று வரிசையாக நிற்கிறார்கள். பார்சலோனாவுக்குப் பெப்பே கார்வால்யோ, ஹவானாவுக்கு மாரியோ கோந்தே, கலீசியக் கடற்கரை நகரமான விகோவுக்கு லியோ கல்தாஸ், நவார்ராவின் பாஸ்தான் பள்ளத்தாக்குக்கு அமாயா சலசார், மெக்சிகோவின் குலியாகானுக்கு ‘சூர்தோ’ மெந்தியெத்தா. ஒருவரைப் பிடித்துக்கொண்டால் குறைந்தது ஆயிரம் பக்கம் அவர் ஊரிலேயே குடியிருக்க வேண்டிவரும். வீடு பார்ப்பதற்கு முன் ஊரைப் பார்த்துவிடுவது நல்லது.

இதில் பின்னட்டை வாசகங்களை நம்பிப் பயனில்லை. ‘இந்த நாவலில் நகரமே ஒரு பாத்திரம்’ என்று எழுதாத பின்னட்டையை நான் இன்னும் பார்க்கவில்லை. நாலு தெருப் பெயரும் ஒரு மழையும் வந்துவிட்டால் போதும், நகரத்துக்குப் பாத்திரப் பதவி கொடுத்துவிடுகிறார்கள்.

நான் இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு பார்க்கிறேன். முதலாவது எளிது. இந்தக் கொலையைத் தூக்கிக்கொண்டுபோய் வேறொரு ஊரில் வைத்தால் கதை நிற்குமா? நின்றுவிட்டால் ஊர் வெறும் திரைச்சீலை. இரண்டாவது கேள்வி கொஞ்சம் சிக்கலானது, எனக்கு அதுதான் முக்கியம்: எழுத்தாளர் தன் ஊரை யாருக்கு விளக்குகிறார்? தலைநகரத்து வாசகருக்கா, ஊரை விட்டுப் போய்த் திரும்பி வந்தவருக்கா, ஊர்க்காரருக்கேவா, அல்லது யாருக்குமே விளக்காமல் விட்டுவிடுகிறாரா? ஒரு ஊரின் அடையாளம் என்னவென்பது இந்தக் கேள்விக்கான பதிலில்தான் வெளிப்படுகிறது என்பது என் கணிப்பு.

ஸ்பெயினில் இந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு கனம் என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. சர்வாதிகாரி ஃப்ராங்கோவின் ஆட்சிக்காலம் முழுக்கப் பொதுவெளியின் மொழி காஸ்தீலிய ஸ்பானியம் மட்டுமே. கட்டலான், கலீசியம், பாஸ்க் மூன்றும் அலுவலகத்திலிருந்தும் பள்ளியிலிருந்தும் விரட்டப்பட்டு வீட்டுக்குள் ஒதுங்கின. 1975இல் ஃப்ராங்கோ இறந்து, 1978 அரசியலமைப்பு வந்து, நாடு 17 தன்னாட்சிப் பகுதிகளாகப் பிரிந்த பிறகு நிலைமை மாறியது. காவல்துறையிலேயே அந்தப் பிரிவு தெரியும். கட்டலோனியாவுக்கு மோசோஸ், பாஸ்க் நாட்டுக்கு எர்ட்சைன்ட்சா, நவார்ராவுக்கு போலிசியா ஃபொரால் என்று தனித்தனிப் படைகள். அவற்றுக்கு மேலே தேசியக் காவல்துறை, 1844 முதல் இருந்துவரும் குவார்தியா சிவில் என்ற நாடு தழுவிய காவல் படை. பிணம் எந்த எல்லைக்குள் கிடந்தது என்பதைப் பொறுத்து விசாரிக்க வரும் சீருடை மாறும். துப்பறியும் நாவலுக்கு இதைவிடத் தோதான நாடு அமைவது கஷ்டம்.

ஜனநாயகத்துக்கு முன்னும் வட்டாரத் துப்பறிவாளர் இல்லாமல் இல்லை. லா மாஞ்சா சமவெளியில் திராட்சைமது ஊரான தொமெயோசோவின் நகராட்சிக் காவல் தலைவர் ப்ளினியோவை ஃப்ரான்சிஸ்கோ கார்சியா பவோன் படைத்தார். கூடவே அலையும் கால்நடை மருத்துவர் தோன் லோத்தாரியோவும் ஊர்ப் பேச்சும்தான் அவருடைய பலம். அந்தத் தொடரின் ஒரு நாவல் 1969இல் நதால் பரிசு வாங்கியது. ஸ்பானியம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது தனி விருந்து. மற்றவர்கள் ஆங்கிலம் வழியாகத்தான் போயாக வேண்டும் என்பதால், பெரும்பாலும் ஆங்கிலத்தில் படிக்கக் கிடைப்பவற்றையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

விகோவிலிருந்து ஆரம்பிக்கிறேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான், மறைக்கவில்லை.

தொமிங்கோ வியார் 1971இல் விகோவில் பிறந்தவர். மாட்ரிட்டில் வாழ்ந்துகொண்டு விகோவை எழுதினார். கலீசிய மொழியிலும் ஸ்பானியத்திலும் தன் நாவல்களைத் தானே எழுதினார். 2022இல் அகாலமாக இறந்தபோது கல்தாஸ் நாவல்கள் மூன்று மட்டுமே வந்திருந்தன: 2006, 2009, 2019. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் பத்தாண்டு. மூன்றையும் படித்து முடித்ததும் ‘அவ்வளவுதானா’ என்ற ஏக்கம் வரும், அதற்குத் தயாராக இருங்கள்.

இன்ஸ்பெக்டர் லியோ கல்தாஸ் அதிகம் பேசாதவர். உள்ளூர் வானொலியில் நேயர்கள் காவல்துறையிடம் குறை சொல்லும் நிகழ்ச்சி ஒன்றில் அவருக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். அழைக்கிறவர்கள் எல்லாம் பக்கத்து வீட்டு இரைச்சலையும் போக்குவரத்து விளக்கையும் பற்றியே பேசுவார்கள். அவர் குறிப்பேட்டில் கிரிக்கெட் ஸ்கோர்போல எழுதிக்கொள்வார்: நகராட்சிக் காவலுக்கு இத்தனை, லியோவுக்குச் சுழியம். கொலை விசாரிக்கப் போகிற இடத்திலெல்லாம் மக்கள் அவரை வானொலிக்காரராகத்தான் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். ஊருக்கு வெளியே திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் அப்பாவோ, தான் சந்தித்த முட்டாள்களின் பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதிந்து வருகிறார்.

உதவியாளர் ரஃபாயெல் எஸ்தேவெஸ்தான் வியாரின் சாமர்த்தியம். சரகோசாவிலிருந்து மாற்றலாகி வந்த அரகோன்காரர். மலைபோல உடம்பு, மூக்குநுனியில் கோபம். கலீசியர்களிடம் கேள்வி கேட்டால் நேரான பதில் வராது என்பது ஸ்பெயின் முழுக்கப் புழங்கும் கேலி. மாடிப்படியில் ஒரு கலீசியரைப் பார்த்தால் அவர் ஏறுகிறாரா இறங்குகிறாரா என்று சொல்ல முடியாது என்பார்கள். எஸ்தேவெஸ் ஒருவரிடம் ஆம், இல்லை என்று முடியக்கூடிய கேள்வி ஒன்றைக் கேட்பார். எதிராளி ‘அது பார்க்கவேண்டிய விஷயம்’ என்பார், அல்லது பதிலுக்கு இன்னொரு கேள்வி கேட்பார். எஸ்தேவெஸுக்கு இரத்தம் கொதிக்கும். கல்தாஸ் அமைதியாக நிற்பார், அவருக்கு அந்தப் பதிலில் போதுமான தகவல் கிடைத்திருக்கும்.

எஸ்தேவெஸ் வெளியூர் வாசகரின் இடத்தில் நிற்கிறார். ஆனால் அவருக்கு யாரும் பாடம் எடுப்பதில்லை. மூன்று நாவல் தாண்டியும் அவர் கலீசியாவைப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. அவருடைய எரிச்சலின் வழியாக நாம் ஊரைப் பார்க்கிறோம், அவரைவிட ஒரு அடி முன்னால் நிற்கிறோம் என்று சந்தோஷப்படுகிறோம், பல சமயம் அப்படி நிற்கவும் இல்லை. விளக்காமலே விளக்குவதற்கு இதைவிட நல்ல உபாயம் இந்த வகை நாவல்களில் நான் பார்த்ததில்லை.

முதல் கேள்விக்கும் விகோ நன்றாகவே ஈடுகொடுக்கிறது, குறிப்பாக இரண்டாவது நாவல். ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘டெத் ஆன் எ கலீசியன் ஷோர்’. விகோவுக்குத் தெற்கே பன்ஷோன் என்ற சின்ன மீன்பிடித் துறையில் ஒரு மீனவரின் உடல் ஒதுங்குகிறது. கைகள் பிளாஸ்டிக் பட்டையால் கட்டப்பட்டிருக்கின்றன. தற்கொலை என்று முடித்துவிட ஊரே தயாராக இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய ஒரு படகும், அதோடு போன தலைவரும் பேச்சில் அடிபடுகிறார்கள். செத்த அந்தத் தலைவரை மறுபடி பார்த்ததாகக் கிசுகிசுக்கிறார்கள். கல்தாஸுக்கு வேண்டியது ஆவி பற்றிய ஆராய்ச்சி கிடையாது. நீரோட்டம் உடலை எங்கிருந்து கொண்டுவந்தது, அந்த ஆளின் படகு எங்கே, அதிகாலையில் துறையில் யார் யார் இருந்தார்கள் என்பதுதான். கடலை அறிந்தவர்கள்தான் பதில் சொல்ல முடியும். அவர்களோ பதில் சொல்கிற சாதி கிடையாது. இந்தக் கொலையை மாட்ரிட்டில் வைத்துப் பாருங்கள், இரண்டாம் அத்தியாயத்தில் முடிந்துவிடும்.

மூன்றாவது நாவல் எழுநூறு பக்கத்தைத் தொடுகிறது. விரிகுடாவின் மறுகரையில் வசிக்கும், விகோவின் கைவினைப் பள்ளியில் மட்பாண்டம் கற்பிக்கும் ஒரு பெண் காணாமல் போகிறாள். இரு கரைக்கும் இடையே ஓடும் பயணிகள் படகின் நேர அட்டவணையே துப்பு. மெதுவாகப் போகும். பொறுமை உள்ளவர்களுக்கு மூன்றில் சிறந்தது இதுதான் என்று சொல்வோர் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் கச்சிதம். முதல் நாவல் சின்னது, சாக்ஸஃபோன் கலைஞர் ஒருவரின் கொலை. வியார் இன்னும் கைபழகிக்கொண்டிருப்பது அதில் தெரியும்.

பாஸ்தானுக்குப் போவோம். விற்பனையில் இதுதான் இராட்சதன். தொலோரெஸ் ரெதோந்தோவின் பாஸ்தான் நாவல்கள் மூன்றும் 2013, 2014 என்ற இரண்டே ஆண்டுகளுக்குள் வெளியாகின. மூன்றும் திரைப்படமாயின. எலிசோந்தோ என்ற சிறு ஊருக்கு வாசகர்கள் நாவலின் இடங்களைப் பார்க்கப் பயணம் வருமளவுக்குப் புகழ் பரவியது. ஆற்றங்கரையில் வளரிளம்பெண்கள் கொல்லப்பட்டுக் கிடக்கிறார்கள், உடல்மேல் ‘ட்சான்ட்சிகோரி’ என்ற பன்றிக் கொழுப்பு கேக் வைக்கப்பட்டிருக்கிறது. விசாரிக்க வரும் அமாயா சலசார் அதே ஊரில் பேக்கரி நடத்தும் குடும்பத்தில் பிறந்தவர். பம்ப்லோனாவுக்குப் போய் போலிசியா ஃபொராலில் சேர்ந்து, அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. பயிற்சியும் எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறார். அம்மா அவருக்குச் செய்தது என்னவென்பதுதான் மூன்று நாவலுக்கும் அடியில் ஓடும் கதை.

ஊர் இங்கே கனமாகத்தான் இருக்கிறது. காடும் ஈரமும் ஆறும் உண்டு. பாஸ்க் தொன்மத்தின் காட்டு மனிதன் பசஹௌன் உண்டு. அடுத்த பள்ளத்தாக்கிலேயே 1610இல் சூனியக்காரிகள் என்று பெயர் சூட்டி லோக்ரோன்யோவில் கத்தோலிக்கத் திருச்சபையின் விசாரணை மன்றம் தண்டித்த சுகர்ரமுர்தி மக்களின் நினைவு உண்டு. கேக் துப்பு அழகானது. அதில் எந்த மாவு, எந்த பேக்கரி என்று போகும் விசாரணை அந்தப் பள்ளத்தாக்கில் மட்டுமே நடக்கக்கூடியது. முதல் கேள்வியில் பாதிக்கு மேல் தேறிவிடுகிறது.

இரண்டாவதில்தான் எனக்கு மனத்தாங்கல். அமாயாவின் கணவர் ஜேம்ஸ் ஒரு அமெரிக்கச் சிற்பி. அத்தை எங்ராசி நெருப்பருகே உட்கார்ந்து தொன்மங்களைச் சொல்ல, ஜேம்ஸ் ஆர்வமாகக் கேட்கிறார். அவரோடு நாமும் கேட்கிறோம். எஸ்தேவெஸும் ஜேம்ஸும் ஒரே வேலைக்கு நியமிக்கப்பட்ட வெளியூர்க்காரர்கள்தான். ஒருவருக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை, மற்றவருக்கு எல்லாம் சொல்லப்படுகிறது. சொல்லப்பட்ட உடனே பசஹௌன் சுற்றுலாக் கையேட்டின் ஒரு பக்கமாகிவிடுகிறான். இன்னொன்றும் கண்ணில் படுகிறது. பாஸ்க் தனிநாடு கேட்ட எட்டா இயக்கம் தன் ஆயுதப் போராட்டத்தை நிறுத்தியதாக அறிவித்தது 2011 அக்டோபரில். பதினைந்து மாதம் கழித்து, பாஸ்க் பேசும் ஒரு பள்ளத்தாக்கைப் பற்றி, காவல் அதிகாரியையே நாயகியாக வைத்து வந்த நாவலில் அந்த அரசியல் கிட்டத்தட்ட இல்லை. தொன்மம் முழு இடத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டது. வாசகர்கள் அதற்காகத்தான் ஓடிவந்தார்களோ என்றுகூடத் தோன்றுகிறது. இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. இரவில் விளக்கை அணைக்கப் பயப்படும்படியான ஒரு புத்தகம் வேண்டும் என்றால், இந்தப் பட்டியலில் அந்தச் சேவையைச் செய்வது ரெதோந்தோ மட்டுமே. குடும்பத்துக்குள் நடக்கும் கொடுமையை எழுதுவதில் அவருக்கு இருக்கும் துணிச்சல் வியாருக்குக் கிடையாது.

மனுவேல் வாஸ்கேஸ் மோந்தல்பானிடம் வராமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. மற்ற எல்லோருக்கும் வீட்டுக் கூரை போட்டுக் கொடுத்தவர் அவர். சிசிலியின் ஆந்த்ரேயா கமில்லேரி தன் துப்பறிவாளருக்கு மோந்தல்பானோ என்று பெயர் வைத்ததே இவர் நினைவாகத்தான். 1939இல் பார்சலோனாவின் ரவால் பகுதியில், உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா சிறையில். 1972 முதல் 2003இல் பாங்காக் விமான நிலையத்தில் இறக்கும்வரை கார்வால்யோவை எழுதினார்.

கார்வால்யோவின் வேர் கலீசியாவில். முன்னாள் கம்யூனிஸ்ட், முன்னாள் சி.ஐ.ஏ. ஆள். ராம்ப்லாஸில் அலுவலகம், வல்விட்ரேரா குன்றின்மேல் வீடு. சமைப்பார், குளிர்காய்வதற்கு நெருப்பு மூட்டத் தன் நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தை உருவி எரிப்பார். பார்சலோனாவை இவ்வளவு நெருக்கமாக எழுதியவரின் நாயகன் கட்டலான் இல்லை, மொழியும் கட்டலான் இல்லை என்பதை அந்த ஊரில் எல்லோரும் இயல்பாக எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து அந்நகரத்தைக் கட்டிய இலட்சக்கணக்கானவர்களின் பார்சலோனாதான் அவர் எழுதியது.

‘சதர்ன் சீஸ்’ என்று ஆங்கிலத்தில் கிடைக்கும் 1979 நாவலை எடுத்துக்கொள்ளுங்கள், ப்ளானெத்தா பரிசு வாங்கியது. ஸ்துவார்த் பெத்ரெல் என்ற பணக்காரக் கட்டடத் தொழிலதிபர் ஓவியர் கோகனைப்போலத் தென்கடல் தீவுகளுக்குப் போகப்போவதாகச் சொல்லிவிட்டுக் காணாமல் போகிறார். ஓராண்டு கழித்துக் கத்திக்குத்துப் பட்ட உடலாகப் பார்சலோனாவிலேயே கிடைக்கிறார். அந்த ஓராண்டு அவர் எங்கே இருந்தார்? எங்கும் போகவில்லை. புலம்பெயர் தொழிலாளர்களுக்காகத் தன் நிறுவனமே மட்டமாகக் கட்டிய சான் மகின் குடியிருப்பில், வேறு பெயரில், ஒரு சாதாரணக் கணக்கராக வாழ்ந்திருக்கிறார். நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதே தென்கடல் பயணம் அளவுக்குத் தூரமாக இருக்கும் ஊர் அது. சான் மகின் கற்பனைப் பெயர்தான். பார்சலோனாவின் ஓரங்களில் அந்தக் காலத்தில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பார்த்தவர்களுக்கு அதை அடையாளம் காண்பதில் சிரமம் இருந்திருக்காது. என் முதல் கேள்விக்கு இதைவிட முழுமையான பதில் இல்லை. இங்கே கொலைக்கான காரணமே ஊரின் வரைபடம்தான்.

இருந்தும் இதிலிருந்து தொடங்கச் சொல்ல எனக்குத் தயக்கம். வாஸ்கேஸ் மோந்தல்பான் எழுதியது தன் தலைமுறையைச் சேர்ந்த இடதுசாரிகளுக்கு, அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டு. ஃப்ராங்கோ இறந்தபின் யார் எந்தக் கொள்கையை எத்தனை விலைக்கு விட்டார்கள் என்ற கசப்பு வரிக்கு வரி ஓடுகிறது. அந்தப் பெயர்களும் கட்சிகளும் தெரியாதவருக்கு நகைச்சுவையில் பாதி தவறிப்போகும். பெண்களைப் பற்றிய பார்வையும் எழுபதுகளோடு நின்றுவிட்டது. இன்னொன்று, அந்தப் பார்சலோனா இப்போது இல்லை. 1992 ஒலிம்பிக்ஸுக்காகக் கடற்கரையையும் பழைய சேரிகளையும் இடித்துத் திருத்தினார்கள். ரவாலில் இன்று அவர் பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது. அவர் இருந்திருந்தால் அதைச் சுற்றிய ஹோட்டல்களைப் பற்றி என்ன எழுதியிருப்பார் என்று யூகிப்பது கஷ்டமில்லை.

ஹவானாவுக்கு வருவோம். லியோனார்தோ பதுரா 1955இல் ஹவானாவின் தென்கோடியில் உள்ள மந்தியாவில் பிறந்தார், இன்றும் அதே வீட்டில் வசிக்கிறார். ஒரு எழுத்தாளரின் ‘இட உணர்வு’ பற்றி இதற்கு மேல் சான்றிதழ் வேண்டியதில்லை. மாரியோ கோந்தே வரும் நாற்பருவ நாவல்கள் நான்கும் 1991 முதல் 1998 வரை வந்தவை. நடப்பதோ எல்லாம் 1989 என்ற ஒரே ஆண்டில், பருவத்துக்கு ஒன்றாக.

1989 தற்செயலான தேர்வில்லை. அந்த ஜூலையில்தான் அங்கோலாப் போரின் நாயகனான தளபதி ஓச்சோவாவைப் போதைக் கடத்தல் வழக்கில் கியூப அரசு சுட்டுக் கொன்றது. நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. சோவியத் உதவி வற்றி வரப்போகும் பஞ்சகாலம் பாத்திரங்களுக்குத் தெரியாது, எழுதும்போது பதுராவுக்குத் தெரியும், படிக்கும் கியூபருக்கும் தெரியும். மறைந்த ஒரு வீட்டின் பழைய புகைப்படத்தைப் போல இருக்கும் அந்த நாவல்கள்.

கியூபாவில் துப்பறியும் கதை அரசாங்கப் பிள்ளை. எழுபதுகளிலிருந்து உள்துறை அமைச்சகமே போட்டி வைத்துப் பரிசு கொடுத்து வளர்த்தது. காவலர் நேர்மையானவர், கூட்டுழைப்பால் வெல்வார், எதிரி வெளியிலிருந்து வருவான். பதுராவின் மாரியோ கோந்தே இந்த அச்சை உடைத்தவர். எழுத்தாளராக ஆசைப்பட்டு முடியாமல் காவலரானவர், குடிப்பவர், ரூஃபினோ என்ற சண்டை மீனோடு தனியாக வாழ்பவர். முதல் நாவலில் காணாமல் போகும் ரஃபாயெல் மோரின் கோந்தேவின் பள்ளித் தோழன். இப்போது அமைச்சகத்தில் பெரிய அதிகாரி, மேடையில் புரட்சி பேசுகிறவன், கோந்தே காதலித்த பெண்ணை மணந்தவன். வெளிநாடு போய்வர விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கே அனுமதி இருந்த நாட்டில், அந்த அனுமதியே எப்படிக் கொள்ளையின் சாவியாகிறது என்பதுதான் வழக்கு. மூன்றாவதில், பெண் உடையணிந்த ஓர் இளைஞன் ஹவானா வனத்தில் கொலையுண்டு கிடக்கிறான். விசாரணை கோந்தேவை ஒரு முதிய நாடகக்காரரிடம் கொண்டுபோகிறது. ஓரினச்சேர்க்கையாளர் என்பதற்காக எழுபதுகளில் மேடையிலிருந்து துரத்தப்பட்டவர். காவலர் என்ற முறையில் அவரை வெறுக்கக் கற்றுக்கொண்டிருந்த கோந்தே, வாசகராக அவரிடம் தோற்றுப்போகிறார்.

எல்லாவற்றையும்விட என் மனதில் நிற்பது ‘ஒல்லி’ கார்லோஸின் வீடு. அங்கோலாவில் குண்டடி பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்து, இப்போது ஒல்லியாகவும் இல்லாத நண்பன். அவன் அம்மா ஹோசெஃபினா பங்கீட்டு அட்டை ஊரில் நம்பவே முடியாத விருந்துகளைச் சமைத்துப் போடுகிறாள். எங்கிருந்து இந்த இறைச்சி என்று யாரும் கேட்பதில்லை. கார்வால்யோ சமைப்பது தன் சுவை நுணுக்கத்தைக் காட்ட. ஹோசெஃபினாவின் சாப்பாடு நடக்கவே நடக்காத ஒன்று, ஊரில் என்ன இல்லை என்பதற்கான பட்டியல்.

பதுரா யாருக்கு விளக்குகிறார்? இங்கேதான் சுவாரசியம். புத்தகம் பார்சலோனாவின் துஸ்கெத்ஸ் பதிப்பகத்தில் வெளிவந்து உலகம் முழுக்கப் போகிறது. ஆனால் பேச்சு முழுக்க அவரோடு பள்ளியில் படித்த ஐந்தாறு பேருக்கு இடையில் நடப்பது போலவே இருக்கிறது. யார் தங்கினார்கள், யார் போனார்கள் என்பதுதான் அவர்களின் ஒரே கேள்வி. கடைசி நாவலில் கோந்தேவின் 36ஆம் பிறந்தநாள் நெருங்குகிறது, புயல் ஒன்றும் நெருங்குகிறது. நண்பர்களில் மருத்துவரான ஆந்த்ரேஸ் நாட்டை விட்டுப் போக முடிவெடுத்திருக்கிறான். கலீசியரோ நவார்ராக்காரரோ ஊரை விட்டுப் போனால் விடுமுறைக்குத் திரும்பலாம். அமாயாவுக்கு அது ஒரு மணி நேரக் கார்ப் பயணம். அன்றைய ஹவானாவில் போவது என்றால் போவதுதான். ஊர்ப்பற்று என்ற சொல்லுக்கு மற்ற நாவல்களில் இல்லாத எடை இங்கே ஏறுவது இதனால்தான்.

பதுராவின் பலவீனம் ஏக்கம். கோந்தே தன்னை நினைத்துத் தானே உருகும் பக்கங்கள் மிக அதிகம், பெண் பாத்திரங்கள் அந்த உருக்கத்துக்கு எண்ணெய். துப்பு என்று பார்த்தால் வியாரின் கட்டமைப்பில் பாதிகூடக் கிடையாது. குற்றவாளி யாரென்று நடுப்பக்கத்திலேயே தெரிந்துவிடும், பதுரா அதற்காகக் கவலைப்படவும் மாட்டார்.

மிச்சம் இருவரைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்மர் மெந்தோசாவின் ‘சில்வர் புல்லட்ஸ்’ சினலோவா மாநிலத் தலைநகரான குலியாகானில் நடப்பது. போதைக் கும்பல் அங்கே திடீரென்று புகுந்த எதிரி கிடையாது. பக்கத்து வீடு, பள்ளித் தோழன், தேவாலய நன்கொடையாளர். மெந்தோசா எதையும் விளக்குவதில்லை. வசனங்களைக்கூடப் பிரிக்காமல், யார் பேசுகிறார் என்று சொல்லாமல், பத்தியாகக் கொட்டுகிறார். தெருப்பேச்சின் வேகம் அது. மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு உழைத்தாலும் ஆங்கிலத்தில் அந்த வேகம் கொஞ்சம் நொண்டுகிறது. பழகிய வாசகருக்கு உரியது, முதல் புத்தகமாக வேண்டாம்.

பெருவின் சாந்தியாகோ ரோன்காலியோலோ எழுதிய ‘ரெட் ஏப்ரல்’ தனியாகவே படித்து முடிக்கக்கூடியது. ஆயிரம் பக்கம் முடியாது, ஒன்றே ஒன்று போதும் என்பவருக்குத் தயங்காமல் இதைச் சொல்வேன். இடம் ஆந்தீஸ் மலைநகரான அயகுச்சோ, காலம் 2000ஆம் ஆண்டின் புனித வாரம். ஒளிரும் பாதை என்ற மாவோயிசக் கிளர்ச்சி இயக்கத்துக்கும் இராணுவத்துக்கும் இடையிலான போரில் ஏறக்குறைய 69,000 பேர் செத்திருக்கக்கூடும் என்று 2003இல் உண்மை ஆணையம் மதிப்பிட்டது. நான்கில் மூவர் கெச்சுவா போன்ற பூர்வகுடி மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அதிகம் பேர் செத்த பகுதி அயகுச்சோ. அங்கேயே பிறந்து லிமாவில் வாழ்ந்து திரும்பிய துணை அரசு வழக்கறிஞர் சக்கல்தானா, எரிந்த ஒரு உடலைப் பற்றி இலக்கணப் பிழையில்லாத ஸ்பானியத்தில் அறிக்கை எழுதுகிறார். ஊர் அவருக்குக் கெச்சுவாவில் மௌனம் காக்கிறது. ஊரை விளக்கும் ஆவணங்கள் எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கின்றன, எல்லாம் பொய். ஊர்க்காரனே தன் ஊருக்கு அந்நியன் என்பதை இவ்வளவு கூர்மையாக மற்ற ஐவரில் யாரும் எழுதவில்லை. முடிவுதான் கொஞ்சம் நாடகத்தனம்.

ஆகவே என் தீர்ப்பு இது. துப்பறியும் கதை என்ற அளவிலும் நிறைவு வேண்டும், ஊரும் வேண்டும், முன்கூட்டி வரலாறு படிக்க நேரமில்லை என்றால் வியாரின் இரண்டாவது நாவலில் தொடங்குங்கள். அதற்கு முதல் நாவலைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. அந்த நிதானம் ஒத்துவந்தால் மூன்றாவதுக்குப் போங்கள், இல்லையென்றால் நேராக ஹவானாவுக்கு. ஹவானாவில் ரசனை பிடித்துவிட்டால் கார்வால்யோவின் கசப்பு பிறகு தானாகப் புரியும். ஏமாந்த இடதுசாரி எப்படிப் பேசுவான் என்று கோந்தே ஏற்கெனவே பழக்கியிருப்பார். பாஸ்தானை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், மழைக்காலமாக இருந்தால் விசேஷம்.

பதுராவை வாங்கும்போது மட்டும் ஒரு கவனம். ஆங்கிலத்தில் அவை எழுதப்பட்ட வரிசையில் வரவில்லை. முதலில் மொழிபெயர்க்கப்பட்டது மூன்றாவது நாவல். கடைக்காரர் ‘ஹவானா ரெட்’டைத்தான் எடுத்து நீட்டுவார். கேட்டு வாங்க வேண்டிய வரிசை: ப்ளூ, கோல்ட், ரெட், பிளாக்.